மணியடிக்கிற வேலையையும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்

வாசகர் கேள்வி: வணக்கம் டொக்டர். நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். இன்டர்ன்ஷிப் முடித்து, இப்போது ஒரு மருத்துவ பீடத்தில் உடற்றொழிலியல் துறையில் தகுதிகாண் விரிவுரையாளராக இருக்கிறேன். படிப்பிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. மாணவர்களும் தேடி வருகிறார்கள், முக்கியமாகத் தமிழ்ப் பிள்ளைகள். பாடம் கேட்கவும் வருகிறார்கள், அழவும் வருகிறார்கள். ஆனால் சீனியர் ஒருவர், “படிப்பிப்பதற்கு யாரும் புரமோஷன் தரமாட்டார்கள், ரிசர்ச்சைப் பாருங்கள்” என்கிறார். மருத்துவ பீடத்தில் இருக்கிற ஒருவருக்குக் கற்பித்தல், வழிகாட்டல் என்ற பக்கத்தில் உண்மையிலேயே என்ன வாய்ப்பு இருக்கிறது? எங்கே தொடங்குவது? எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஏதாவது செய்ய ஆசை.

பதில்: அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் உங்கள் சீனியர் சொன்னதை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி சரி. தகுதிகாண் காலத்தில் இருக்கிறவர் குறித்த காலத்துக்குள் பட்டப்பின் தகுதி ஒன்றை எடுத்தே ஆக வேண்டும், எம்.ஃபிலோ பிஎச்.டியோ எதுவாக இருந்தாலும். அது இல்லாவிட்டால் மாணவர்கள் உங்களைத் தலையில் வைத்துக் கொண்டாடினாலும் வேலை நிரந்தரமாகாது. தலைப்பு, மேற்பார்வையாளர், பதிவு, இந்த மூன்றும் இன்னும் கையில் இல்லையென்றால் இந்தப் பதிலை அப்படியே மூடி வைத்துவிட்டு முதலில் அதைப் பாருங்கள்.

மற்றப் பாதி பிழை. பேராசிரியர் பதவியுயர்வுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வைத்திருக்கிற புள்ளித் திட்டத்தில் ஆய்வுக்கு ஒரு பகுதி இருப்பது போலவே கற்பித்தலுக்கும் பாடத்திட்ட விருத்திக்கும் ஒரு பகுதி இருக்கிறது, அறிவைப் பரப்புவதற்கும் பல்கலைக்கழகத்துக்கும் நாட்டுக்கும் செய்த பணிக்கும் இன்னொன்று இருக்கிறது. கட்டுரை கட்டுரையாக எழுதிக் குவித்தவர்கள் விண்ணப்பம் நிரப்புகிற நேரத்தில் கற்பித்தல் பகுதிக்கு வந்ததும் பழைய டயரிகளைத் துழாவிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வருடக்கணக்கில் படிப்பித்தவர்கள்தான், எழுத்தில் காட்டத்தான் ஒன்றும் இருக்காது.

நீங்கள் கேட்ட “வாய்ப்பு” நோட்டீஸ் போர்டில் வராது. மற்றவர்கள் தட்டிக் கழிக்கிற வேலைகளுக்குள்தான் அது கிடக்கும். அதில் ஒன்றைப் பிடித்து இரண்டு மூன்று வருடம் விடாமல் செய்து, செய்ததை எழுதி வையுங்கள். பத்து வேலையை அரைகுறையாகச் செய்தவரைப் பீடத்தில் யாரும் நினைவு வைத்திருப்பதில்லை.

அப்படித் தட்டிக் கழிக்கப்படுகிற முதல் வேலை உங்கள் பிராக்டிக்கல் வகுப்புதான். பொதுவாக அதை டெமோக்களின், அதாவது தற்காலிக உதவி ஆசிரியர்களின், தலையில் கட்டிவிட்டு, இன்டர்ன்ஷிப்புக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் மாணவன் முதன்முதலாக இன்னொரு மனிதனின் கையைத் தொட்டு ஒரு முடிவுக்கு வருகிற இடம் அதுதானே. பிரஷர் பார்க்கிற வகுப்பை எடுங்கள். அந்தப் பக்கமாக நடந்து போய் ஒவ்வொருவரின் கொப்பியையும் எட்டிப் பாருங்கள், பாதிப் பேரின் கொப்பியில் 120/80 இருக்கும். மிச்சப் பேரிடம் 110/70 இருக்கும். எல்லாம் பூச்சியத்தில் முடியும். இரச மட்டத்தை 2 மில்லிமீற்றருக்குக் கிட்டத் துல்லியமாக வாசிக்க வேண்டும் என்று விரிவுரையில் சொல்லியிருப்பீர்கள், அவர்களும் எழுதியிருப்பார்கள், ஆனாலும் பூச்சியம்தான். ஏனென்றால் நிறையப் பேருக்குச் சத்தமே கேட்கவில்லை, கேட்கவில்லை என்று சொல்ல வெட்கம்.

அங்கே நின்று கோபிப்பதில் பயனில்லை. 1992இல் அமெரிக்காவில் குடும்ப மருத்துவம் கற்பித்த சிலர் வெளியிட்ட ஒரு முறை இருக்கிறது, “ஒரு நிமிட ஆசிரியர்” என்று சொல்லலாம், வாட்டில் ரவுண்ட் போகிறபோது பாவிக்கத்தான் செய்தார்கள், ஆனால் பிராக்டிக்கல் மேசைக்கும் நன்றாகவே பொருந்தும். முதலில் மாணவனை ஒரு முடிவு சொல்ல வையுங்கள்: “தம்பி, இவருக்கு எவ்வளவு என்று நினைக்கிறீங்க?” அடுத்து, “எந்த இடத்தில் சத்தம் தொடங்கினது? எந்த இடத்தில் நின்றது?” இந்த இரண்டாவது கேள்வியிலேயே ஆள் மாட்டிக்கொள்வார். சிரிக்காதீர்கள். ஒரே ஒரு பொது விதியைச் சொல்லுங்கள், உதாரணத்துக்கு, நாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே காற்றை ஏற்றி, நாடி மறைகிற இடத்தைத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஸ்டெதஸ்கோப்பை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சிலருக்கு நடுவில் சத்தம் மறைந்து திரும்ப வருகிற இடைவெளியில் ஏமாந்துபோவீர்கள் என்று. பிறகு சரியாகச் செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். “நல்லது” என்று மட்டும் சொன்னால் அவருக்கு எது நல்லது என்று தெரியாது, “கையை இதயத்தின் மட்டத்துக்கு வைத்தது சரி” என்று சொன்னால் தெரியும். கடைசியாகப் பிழையைச் சொல்லி, அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போங்கள். எல்லாம் இரண்டு மூன்று நிமிடத்தில் முடியும். இதை உங்கள் டெமோக்களுக்கும் பழக்கிவிட்டால் ஆசிரியர் பயிற்சி என்ற கணக்கில் அதுவே ஒன்று, மேலிடத்திடம் அனுமதி கேட்கத் தேவையில்லாத ஒன்று.

அடுத்தது பரீட்சை. இளம் விரிவுரையாளர்கள் பரீட்சை வேலை என்றாலே ஓடுவார்கள், காரணம் தெரிந்ததுதான், ஸ்டொப்வாட்ச்சையும் மணியையும் கையில் கொடுத்து மூலையில் நிறுத்திவிடுவார்கள். நிலையம் நிலையமாக மாணவர்களை நகர்த்தி ஒரே மாதிரிக் கேள்வியை எல்லாரிடமும் கேட்கிற ஒஸ்கி பரீட்சையை 1975இல் ஸ்கொட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் என்பவர் அறிமுகப்படுத்தினார். அதன் பிராக்டிக்கல் வடிவமான ஒஸ்பி உங்கள் துறைக்குப் பழக்கமானதுதானே. மணியடிக்கிறவர் ஒரு நிலையத்திலும் உட்காருவதில்லை, அதனால்தான் அவர் எல்லா நிலையத்தையும் பார்க்கிறார். எந்தக் கேள்வித்தாள் மாணவனை வாசிப்பிலேயே கவிழ்க்கிறது, எந்தப் பரீட்சகர் முகத்தைச் சுளித்தே பதிலைக் காட்டிக்கொடுக்கிறார், எந்த நிலையத்துக்கு ஐந்து நிமிடம் போதாது என்பதெல்லாம் அன்றைக்கு உங்களுக்குத்தான் தெரியும். பரீட்சை முடிந்த அன்றைக்கே ஒரு பக்கம் எழுதித் துறைத்தலைவரிடம் கொடுங்கள், குற்றம் சொல்கிற தொனி வேண்டாம், “அடுத்த முறைக்கு” என்று தலைப்புப் போட்டு. அடுத்த முறை நிலையம் எழுதுகிற வேலை உங்களிடம் வரும். அதற்குப் பிறகு கேள்விகளைச் சல்லடை போடுகிற கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். பல்தேர்வு வினா ஒன்றைப் பிழையில்லாமல் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அங்கேதான் தெரியவரும், நாலு பேராசிரியர்கள் ஒரு சொல்லுக்காக அரை மணித்தியாலம் சண்டை பிடிப்பார்கள்.

பாடத்திட்டக் குழு, தர உறுதிப்படுத்தல் குழு மாதிரியானவற்றில் செயலாளர் வேலை ஒன்று எப்போதும் காலியாக இருக்கும். சலிப்பான வேலை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மீளாய்வுக்காகப் பீடம் சுயமதிப்பீட்டு அறிக்கை எழுதுகிறபோது அதன் ஒரு அத்தியாயத்தையாவது எழுதியவருக்கு ஐந்து வருடப் படிப்பும் எப்படி ஒன்றோடொன்று கோர்க்கப்பட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும், தன் துறையை விட்டு வெளியே எட்டிப் பார்க்காத சீனியர்கள் பலருக்கு அது தெரியாது. ஒரு தடவை செய்யுங்கள், இரண்டாவது தடவை வேறு யாருக்காவது கைமாற்றுங்கள்.

பயிற்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புது விரிவுரையாளர்களுக்கான இண்டக்ஷன் கோர்ஸை எப்படியும் செய்ய வேண்டும், அதைச் சடங்காக நினைக்காதீர்கள், அதில் உங்கள் வகுப்பை இன்னொருவர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக் கருத்துச் சொல்கிற பகுதி இருந்தால் அதுதான் மிகப் பெறுமதியானது. மலையகத்துக்குப் பக்கத்திலேயே பேராதனை மருத்துவ பீடம் இருக்கிறது. 1962இல் தொடங்கிய பீடம், அதன் மருத்துவக் கல்விப் பிரிவு 1970களிலேயே ஆரம்பமானது, இலங்கையில் முதலாவது அதுதான். தென்கிழக்காசிய நாடுகளின் மருத்துவ ஆசிரியர்கள் அங்கே வந்து பயிற்சி பெற்ற காலம் ஒன்று இருந்தது. இப்போது அநேகமாக எல்லாப் பீடங்களிலும் அப்படி ஒரு பிரிவு இருக்கிறது. உங்கள் பீடத்தில் இருக்கிற பிரிவின் கதவைத் தட்டி, அடுத்த பயிற்சிப் பட்டறையில் கதிரை அடுக்குகிற வேலையென்றாலும் தாருங்கள் என்று கேளுங்கள். இதையே முழுநேரத் துறையாக எடுக்க யோசனை வந்தால் கொழும்பில் பீஜிஐஎம் என்ற பட்டப்பின் மருத்துவ நிறுவனம் நடத்துகிற மருத்துவக் கல்விப் படிப்புகள் இருக்கின்றன, அது பிற்பாடு யோசிக்க வேண்டியது.

(இதை வாசிக்கிற வைத்தியசாலை நிபுணர்களுக்கும் ஒரு வார்த்தை: பல்கலைக்கழகச் சம்பளம் இல்லாவிட்டாலும் கண்டி, பேராதனை, பதுளை மாதிரியான இடங்களில் வாட்டில் மாணவர்களுக்குப் படிப்பிக்கிற சுகாதார அமைச்சு நிபுணர்கள் ஏராளம், எக்ஸ்டென்டட் ஃபகல்டி என்று பீடங்கள் அழைப்பது உங்களைத்தான். நீங்களும் செய்ததை எழுதி வையுங்கள்.)

சரி, இப்போது வழிகாட்டலுக்கு வருவோம், நீங்கள் உண்மையில் கேட்க வந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் அறைக்கு வருகிற பிள்ளை யார் என்று எனக்கு ஓரளவு தெரியும். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ தமிழில் உயர்தரம் செய்து, நல்ல பெறுபேறு எடுத்து, தோட்டத்தில் பட்டாசு கொளுத்தி அனுப்பப்பட்ட பிள்ளை. வந்த முதல் மாதமே ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வாசிக்க ஒரு மணித்தியாலம் போகிறது, பக்கத்தில் கொழும்புப் பாடசாலையில் படித்தவன் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறான். ஊரில் முதலாவதாக வந்தவனுக்குத் தான் மொக்கு என்ற முடிவுக்கு வர ஒரு தவணை போதும். பின்வரிசையில் உட்காருவான், கேள்வி கேட்கமாட்டான், முதல் பரீட்சையில் விழுவான். வீட்டுக்குப் போனால் அங்கே இன்னொரு கூத்து: லயத்தில் இருக்கிற எல்லாருடைய கிளினிக் கொப்பியும் மாத்திரைப் பைகளும் இவன் முன்னால் வந்து குவியும், “சின்ன டொக்டர், இது எதுக்குக் குடுத்தாங்கன்னு பாருங்க” என்று. இதயத்தின் அறைகளைக்கூட இன்னும் சரியாகப் படிக்காத பிள்ளை அவன். தெரியாது என்று சொல்ல முடியாது, சொன்னால் அப்பாவின் முகம் போய்விடும்.

இவனுக்கு அறிவுரை தேவையில்லை. முதலில் விடையைத் தமிழில் உங்களிடம் வாயால் சொல்ல வையுங்கள், தெரிகிறது என்பது அவனுக்கே புரியும். பிறகு அதே விடையை ஆங்கிலத்தில், இலக்கணம் எப்படிப் போனாலும் பரவாயில்லை என்று சொல்ல வையுங்கள். கொஞ்ச நாளில் அவனை ஒரு குப்பி எடுக்கச் சொல்லுங்கள். பல்கலைக்கழகத்தில் குப்பி என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, இரவில் விடுதியில் ஒருவர் நாலு பேருக்குப் பாடம் சொல்கிற அந்த வழக்கம் நம் நாட்டின் மிகச் சிறந்த கற்பித்தல் முறைகளில் ஒன்று என்றே நான் சொல்வேன், ஒரு பீடமும் அதற்குக் காசு செலவழிக்கவில்லை. படிக்கிறவனைவிடப் படிப்பிக்கிறவனுக்குத்தான் அதில் லாபம் அதிகம். விழுந்த பாடத்திலேயே ஒரு சின்ன அலகை எடுத்து இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்யுங்கள், முன்னதாக உங்களிடம் ஒரு ஒத்திகை. கிளினிக் கொப்பி விஷயத்துக்கு, “நான் இன்னும் படிச்சிக்கிட்டு இருக்கேன், இதை டிஸ்பென்சரியில காட்டுங்க” என்று வெட்கமில்லாமல் சொல்லப் பழக்குங்கள். இரண்டாம் வருடப் பிள்ளை மருந்து சொல்வது ஆபத்து என்பதை அவனுக்கு உறைக்கிற மாதிரி சொல்லக்கூடியவர் நீங்கள்தான், அதே லயத்திலிருந்து வந்தவர் என்பதால்.

ஆனால் தங்கச்சி, ஒரு விஷயத்தில் கவனம். தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் உங்கள் அறைக்கு வருவது பார்க்க நன்றாக இருக்கும், துறையில் மற்றவர்களுக்கு வசதியாகவும் இருக்கும். “அவங்க பிரச்சினையா, மிஸ்ஸிடம் அனுப்புங்க” என்று ஒரு வழக்கம் உருவாகிவிட்டால் பிறகு அதை மாற்ற முடியாது. நீங்கள் உடற்றொழிலியல் விரிவுரையாளர் என்பது மறைந்து மொழிபெயர்ப்பாளரும் அக்காவுமாக மட்டும் மிஞ்சுவீர்கள். பீடத்தில் வழிகாட்டித் திட்டம் இருந்தால் அதில் முறைப்படி சேர்ந்து, கலந்த குழு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், சிங்களப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் இருக்கிற குழு. அந்தக் கொழும்புப் பையனுக்கும் இரவில் தூக்கம் வராமல் இருக்கலாம். திட்டம் இல்லையென்றால் வாரத்தில் ஒரு பின்னேரம் இரண்டு மணித்தியாலத்தை இதற்கென்று ஒதுக்கி, கதவில் எழுதி ஒட்டுங்கள். மற்ற நேரத்தில் வருகிறவரிடம், அவசரம் இல்லாவிட்டால், அந்த நாளில் வரச் சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் இரவு 11 மணிக்கு வருகிற செய்திக்குக் காலையில் பதில் போடலாம், உலகம் கவிழ்ந்துவிடாது.

சில விஷயங்களைத் தொடக்கத்திலேயே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். வைவா என்ற வாய்மொழிப் பரீட்சையில் மேசைக்கு அந்தப் பக்கம் நானும் இருப்பேன், அங்கே எல்லாரும் எனக்கு ஒன்றுதான் என்று முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். இங்கே பேசுவது வெளியே போகாது, இரண்டு விஷயங்களைத் தவிர: உயிருக்கு ஆபத்து என்றால், பகிடிவதை என்றால். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை குற்றம், அதைக் கேட்டுவிட்டு ரகசியம் காத்துக்கொண்டு இருக்க உங்களால் முடியாது, இருக்கவும் கூடாது. ஒரு பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் நீங்களே வைத்தியம் பார்க்க உட்காராதீர்கள், தனியே விடாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், அல்லது மாணவர் ஆலோசகரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவில் விடுதியில் இருக்கிறவர்களுக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் தெரிந்திருக்க வேண்டும், எந்த நேரமும் எடுக்கலாம். அப்புறம் காசு. மகாபொல உதவித்தொகை பிந்துகிற மாதங்களில் கேட்பார்கள், கை நீளத்தான் செய்யும். சாப்பாடு வாங்கிக் கொடுங்கள், கடன் கொடுக்காதீர்கள். கடன் வாங்கிய பிள்ளை அடுத்த மாதத்திலிருந்து உங்களைக் கண்டால் வேறு வழியாகப் போவான், உதவி அதிகம் தேவைப்படுகிறவனே கை நழுவிப் போய்விடுவான். பீடத்தின் நலன்புரி நிதி, பழைய மாணவர் நிதி எங்கே, யாரைக் கேட்க வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்திருந்து அங்கே அனுப்புவதுதான் நல்லது.

இனி, ஒரே ஒரு வேலையைப் பிடியுங்கள் என்றேனே, உங்களுக்கு எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்: சிங்கள மாணவர்களுக்கு வாட்டுத் தமிழ் படிப்பியுங்கள். 2007ஆம் ஆண்டு முதல் அரச சேவைக்கு வருகிறவர்கள் இரண்டாவது அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்பது விதி. பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிவிடுகிறார்கள், ஆனால் நுவரெலியாவிலோ டிக்கோயாவிலோ இன்டர்னாகப் போய் நிற்கிற நாளில் வாய் வராது. அதற்கு முன்பே, மாணவர் காலத்திலேயே, வேறொரு அநியாயம் நடக்கிறது. வாட்டில் ஏழெட்டுப் பேர் குழுவில் ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்தால் தமிழ் நோயாளி எல்லாருக்கும் அவள்தான் வாய். மற்றவர்கள் கேட்கச் சொன்னதைக் கேட்டு, வந்த பதிலைச் சொல்லி, அவர்களின் ஹிஸ்டரி, அதாவது நோயாளியிடம் நோயின் கதையைக் கேட்டு எழுதுவது, முடிகிறபோது இவளுடைய நேரம் முடிந்திருக்கும், தன் சொந்த ஹிஸ்டரி ஒன்றை ஒழுங்காக எடுத்திருக்க மாட்டாள். வாட்டுத் தமிழ் வகுப்பு சிங்களப் பிள்ளைகளுக்கும் நோயாளிக்கும் செய்கிற உதவி, அதைவிடக் கூடுதலாக இந்தப் பிள்ளைக்குச் செய்கிற உதவி.

மொழியை மட்டும் படிப்பித்தால் போதாது, அங்கேதான் நீங்கள் உடற்றொழிலியல் ஆள் என்பது கைகொடுக்கும். நாற்பது வயதுக் கொழுந்து பறிக்கிற அம்மா ஒருவர் மூச்சு வாங்குகிறது என்று வருகிறார். மாணவன் புத்தகத்தில் படித்தபடி, எத்தனை மாடிப்படி ஏறினால் வாங்குகிறது என்று கேட்கிறான். லயத்தில் ஏது மாடிப்படி? அம்மா யோசித்துப் பார்த்துவிட்டு “இல்லைங்க” என்பார், மாணவன் “மூச்சுத்திணறல் இல்லை” என்று எழுதிக்கொள்வான். முந்தி ஒரு நாளைக்கு எத்தனை கிலோ எடுத்தீங்க, இப்ப எத்தனை என்று கேட்டால் 18 எடுத்தவர் இப்போது பத்துக்கு மேல் முடியவில்லை என்று சொல்லக்கூடும். கொழுந்து நிறுக்கிற இடத்துக்குச் சாக்கோடு ஒரே மூச்சில் ஏறுவீங்களா, நடுவில் இறக்கி வைப்பீங்களா என்று கேட்டால் இன்னும் தெளிவாகும். பிறகு இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7 என்று வந்தால், பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே இரத்தசோகை என்று உங்கள் விரிவுரையில் கேட்டது, ஒட்சிசன் கொண்டுபோகிற கொள்ளளவு குறைந்தால் இதயம் எப்படி ஈடுகட்டுகிறது என்று படித்தது, எல்லாம் ஒரு சாக்கோடு சேர்ந்து மாணவனின் தலையில் உட்கார்ந்துவிடும். இப்படி நாலைந்து நோயாளிக் கதைகளை வைத்து ஆறு வகுப்புக்கு ஒரு சிறு பாடநெறி எழுதலாம். நோயாளியாக நடிக்கத் தோட்டப் பின்னணி உள்ள ஆட்களைக் கேளுங்கள், வைத்தியசாலைச் சிற்றூழியர்களிலேயே நன்றாக நடிக்கக்கூடியவர்கள் கிடைப்பார்கள். வகுப்புக்கு முன்னும் பின்னும் மாணவர்கள் ஹிஸ்டரி எடுப்பதை ஒரே அளவுகோலால் மதிப்பிடுங்கள். அந்தத் தரவை வெளியிடுகிற எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே நெறிமுறைக் குழுவின் அனுமதியை வாங்கிவிடுங்கள், முடிந்த பிறகு கேட்டால் கிடைக்காது. கண்டி மருத்துவச் சங்கத்தின் வருடாந்த அமர்வு மாதிரி ஒன்றில் ஒரு போஸ்டராகப் போட்டாலும் போதும், ரிசர்ச்சைப் பாருங்கள் என்ற சீனியருக்கும் பதில் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

பதிவு என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன், என்னவென்றால் இவ்வளவுதான்: ஒரு கோப்பு, அதில் திகதி, தலைப்பு, எத்தனை மாணவர்கள், என்ன புதிதாகச் செய்தீர்கள், மாணவர் கருத்துப் படிவத்தின் சுருக்கம், வகுப்பைப் பார்த்த சகாவின் இரண்டு வரி. வழிகாட்டலுக்குப் பெயர்கள் எழுத வேண்டாம், எண்ணிக்கையும் மணித்தியாலமும் போதும். வெள்ளிக்கிழமை பின்னேரம் கால் மணித்தியாலம் ஒதுக்கினால் முடிகிற வேலை, ஆறு மாதம் விட்டுவிட்டால் முடியவே முடியாது.

ஊர்ப் பிள்ளைகளுக்குச் செய்வது பற்றிக் கேட்டீர்கள். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைப்படி, 55 வீதம் மாவட்டக் கோட்டாப்படி, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்பது தெரிந்ததுதான், நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் வருகிற மாவட்டங்கள். கோட்டா இருந்தும் தோட்டப் பிள்ளைகள் குறைவாக வருவதற்குப் பெரிய காரணம் இரசாயனவியலும் பௌதிகவியலும் தமிழில் படிப்பிக்க ஆள் இல்லாத பாடசாலைகள்தான். செமினாருக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் பரீட்சைக்கு முந்தின மாதம் ஒரு நாள் மேடையேறிப் பேசிவிட்டு வருவதில் படம் எடுக்கிறவர்களுக்குத்தான் பயன். உயர்தரம் தொடங்குகிற வருடத்திலேயே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை எடுத்து, உங்கள் மருத்துவ மாணவர்களில் இருவரை அவர்களுக்குப் பொறுப்பாக்கி, மாதத்துக்கு இரண்டு தடவை சூமில் சந்திக்க வையுங்கள், மேற்பார்வை மட்டும் உங்களுடையது. உங்கள் மாணவர்களுக்கும் அது வழிகாட்டிப் பழகுகிற இடம். வருடத்தில் ஒரு நாள் அந்தப் பிள்ளைகளைப் பீடத்து ஆய்வுகூடத்துக்குக் கூட்டி வாருங்கள், கூடவே தாதியர், மருந்தாளர், கதிர்ப்படப்பிடிப்பாளர் படிப்புகளைப் பற்றியும் சொல்லுங்கள், ஏனென்றால் அந்தப் பன்னிரண்டில் மருத்துவத்துக்கு வரப்போவது ஒன்றோ இரண்டோதான், மிச்சப் பேரை டொக்டராகாதவர்கள் என்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

கடைசியாக, உங்களுக்கும் ஒருவர் வேண்டும். துறைத்தலைவரை வழிகாட்டியாக வைக்காதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உங்கள் லீவுக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அவர். வேறு துறையில், உங்களைவிடப் பத்து வருடம் முன்னால் போகிற ஒருவரைப் பாருங்கள், பெண்ணாக இருந்தால் நல்லது, பிஎச்.டியையும் பிள்ளை பெறுவதையும் ஒன்றாகச் சமாளித்தவர் சொல்கிற யோசனை என்னிடம் கிடைக்காது. போய், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அரை மணித்தியாலம் தருவீர்களா என்று நேரே கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள், யாரும் கேட்காததால்தான் சும்மா இருக்கிறார்கள்.

வாட்டுத் தமிழ் யோசனை பிடித்திருந்தால் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: யாருக்கு, எத்தனை வகுப்பு, எந்த நேரம், யார் உதவி. வாட்டில் பயிற்சி பெறுகிற கிளினிக்கல் அப்பொயின்ட்மென்ட் தொடங்குவதற்கு முந்தின தவணைதான் அதற்குச் சரியான நேரம், அதற்குப் பிறகு மாணவர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. துறைத்தலைவரிடம் கொடுப்பதற்கு முன் எனக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.